எந்தக் காது?

யாராவது லீவு கேட்டு வந்து நின்றால் மலைச்சாமி அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார், காதைப் பார்ப்பார். ஒரு காதை நிதானமாகப் பார்த்து முடித்ததும், தலையைச் சாய்த்து மறு காதையும் பார்ப்பார். பிறகு மிகுந்த அக்கறையோடு கேட்பார்:

“எந்தக் காது?”

கப்பலூர்த் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கும் லாரி ஷெட்டில் பல வருஷமாக இது நடக்கிறது. மலைச்சாமி அங்கே முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. இருப்பவர்களில் பழைய டிரைவர், அவ்வளவுதான். லீவு கொடுக்க அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் முதலாளியின் அறைக்குப் போகிறவர்கள் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி ஓட்டாத நேரங்களில் அவர் வேப்பமரத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாகக் கிடக்கும் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருப்பார்.

இந்தக் கேள்வி பிறந்ததற்குக் காரணம் முத்திருளன் என்ற ஒரு டிரைவர். ஷெட்டில் யாரும் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. அப்படிச் சொன்னால் முதலாளி பாண்டியராஜன் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார். டீ வாங்கித் தருவார், வீட்டு நிலவரம் கேட்பார், கண் கலங்குவார். அதையெல்லாம் பார்க்க முடியாமல் டிரைவர்கள், “வீட்ல காதுகுத்துண்ணே, ரெண்டு நாள்ல வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மதுரைப் பக்கத்தில் காதுகுத்து என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. யார் தடுத்தாலும் பாவம். முத்திருளன் ஒரே அக்கா மகனுக்கு மூன்று தடவை காது குத்தப் போனார். இரண்டு தடவை திரும்பி வந்தவர், மூன்றாவது தடவை பெங்களூரில் கார் ஓட்டப் போய்விட்டார்.

“பிள்ளைக்கு ரெண்டு காதுதான? மூணாவது எதுல குத்துறான்?” என்று மலைச்சாமி அன்றைக்கு டயரில் உட்கார்ந்தபடி கேட்டார். ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து அது நிலைத்துவிட்டது.

ஆபீஸில் சாவிப் பலகையையும் போனையும் வருகை நோட்டையும் கவனித்துக்கொள்ளும் கனகலட்சுமி, அதிகம் பேசாத பெண். ஒரு டிரைவர் காதுகுத்துக்கு என்று கிளம்பினால் அவள் நோட்டில் அவர் பெயருக்கு நேராக ‘கா’ என்று ஒற்றை எழுத்து எழுதுவாள். மூன்றாம் நாள் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு போடுவாள். ‘கா’ போட்ட பெயர் எதுவும் கோடு வாங்காமல் தப்பியதில்லை, முத்திருளனின் முதல் இரண்டைத் தவிர.

மலைச்சாமி இருபது வருஷத்துக்கு மேலாக அதே ஷெட்டில் இருக்கிறார். ஏன் போகவில்லை என்று கேட்டால், “சீட்டு என் இடுப்புக்குப் பழகிப்போச்சு” என்பார். பேரையூர்ப் பக்கம் ஒரு வானம் பார்த்த ஊரில் பிறந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் லாரி ஓட்டக் கற்றுக்கொள்வது என்றால் லாரியைத் துடைப்பது. கிளீனராக ஆறு வருஷம் துடைத்தார். ஏழாவது வருஷம் டிரைவருக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் ஸ்டீயரிங் கைக்கு வந்தது.

இப்போது கிளீனர் என்று யாரும் எந்த லாரியிலும் ஏறுவதில்லை. பயிற்சிப் பள்ளியில் சில வாரங்கள், காலி மைதானத்தில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தால் கையில் லைசென்ஸ் வந்துவிடுகிறது. லோடு ஏற்றிய வண்டி இறக்கத்தில் எப்படி முதுகைத் தள்ளும் என்பது அந்த மைதானத்துக்குத் தெரியாது. அதற்கும் ஆள் கிடைப்பதில்லை. பாண்டியராஜனிடம் ஏழு வண்டிகள் இருந்தன, டிரைவர்கள் நான்கு பேர்தான் இருந்தார்கள். புதிதாக வேலை கேட்டு வருகிறவரிடம் பாண்டியராஜன் கேள்வி கேட்ட காலம் போய், வந்தவர் பாண்டியராஜனிடம் கேட்கும் காலம் வந்துவிட்டது. வண்டியில் ஏசி உண்டா? வாரத்தில் எத்தனை நாள் வீட்டில் படுக்கலாம்? ஹாரன் எப்படி இருக்கும்? பாண்டியராஜன் பரீட்சைக்கு வந்த பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொல்வார். ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, ஹாரனை இரண்டு தடவை அடித்துக் கேட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

தப்பித் தவறிச் சேர்ந்தவர்களோடு மூன்று நடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை மலைச்சாமிக்கு வந்தது. ஒரு நடை என்றால் லோடு ஏற்றிப் போய் இறக்கிவிட்டுத் திரும்புவது. முதல் நடையில் அவர் வாயே திறக்க மாட்டார். இரண்டாவது நடையில் வாயை மூடவே மாட்டார். பேச்சில் மயங்கி ரோட்டை விடுகிறாரா என்று பார்ப்பதற்காக. மூன்றாவது நடையில், “நேரமாச்சு, மிதிப்பா, மிதி” என்று விரட்டுவார். மிதித்தவர் தேறவில்லை. இந்த மூன்றாவது சோதனை தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். வாசலில் இருக்கும் டீக்கடை வரைக்கும் அது தெரியும்.

இவை போக ஷெட்டுக்குள் வண்டியைப் பின்னால் எடுத்து, வேப்பமரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். அந்தச் சுவரைப் பார்த்தால் ஷெட்டின் வரலாறு தெரியும். முத்திருளன் கீறல், ராஜபாளையத்துக்காரர் இடி எனத் தழும்புகளுக்குப் பெயர் உண்டு. எம்.ஏ. படித்துவிட்டு வந்து பதினோரு நாள் ஓட்டியவர் விட்டுப்போனதற்கு எம்.ஏ. பள்ளம் என்று பெயர். எல்லாவற்றிலும் பெரிய பள்ளம் ஒன்று சுவரின் அடியில் இருக்கிறது. அதன் முன்னால்தான் மலைச்சாமி அந்தப் பழைய டயரைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பள்ளம் யாருடையது என்று கனகலட்சுமிக்கு மட்டும் தெரியும். அவள் சொல்ல மாட்டாள்.

இரண்டு வருஷத்தில் பத்தொன்பது பேர் மலைச்சாமியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினார்கள். ஏழு பேர் தேறினார்கள். ஏழில் ஐந்து பேருக்கு உடனே வீட்டில் காதுகுத்து வந்துவிட்டது.

இருபதாவதாக வந்தவர் கருத்தக்கண்ணன். கொட்டாம்பட்டிக்காரர், மலைச்சாமி வயதேதான் இருக்கும். நாற்கரச் சாலையோரம் ஒரு ஹோட்டலில் இருபது வருஷம் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். எதிரே ஓடும் லாரிகளைப் பார்த்துப் பார்த்து, அடுப்பு முன்னால் நின்றது போதும், கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வந்தவர் ஏசி கேட்கவில்லை. ஹாரன் கேட்கவில்லை. பாண்டியராஜனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

“என்னண்ணே, ஒண்ணுமே கேக்க மாட்டேங்கிறாரு?” என்று மலைச்சாமியிடம் கிசுகிசுத்தார்.

“விடுங்க மொதலாளி. கேக்காதவனும் போவான். ரெண்டு மாசம் கூட ஆகும், அம்புட்டுத்தான்.”

கருத்தக்கண்ணனிடம் ஒரு குணம் இருந்தது. ஒருமுறை சொன்னால் போதும். மூன்று நடை முடியும்வரை ஐம்பதைத் தாண்டக் கூடாது என்றார் மலைச்சாமி. வண்டி ஐம்பதில் நின்றது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி எல்லா டயரையும் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கருத்தக்கண்ணன் பத்து டயரையும் பத்து தேங்காயைப் போலத் தட்டிப் பார்த்தார். ராத்திரி தூங்காத ஆள் கையில் சாவி இருக்கக் கூடாது என்றார். அதையும் கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு நடையும் இப்படியே முடிந்தன.

அந்தச் சமயத்தில்தான் மலைச்சாமியின் தங்கை தாமரைச்செல்வி பேரையூரிலிருந்து போன் பேசினாள்.

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்து பிறந்தது திவ்யா. ஒரு வயது முடிந்து, குலதெய்வம் கோவிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் மலைச்சாமி. ஆனால் தங்கை வீட்டு விசேஷம் எதிலும் அவர் இருந்ததில்லை. நிச்சயதார்த்தத்தின்போது லாரி ஓசூரில் நின்றது. வளைகாப்பின்போது கொச்சியில். அவள் கல்யாண ஆல்பத்தில் அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது.

“அடுத்த வியாழக்கெழமண்ணே. ஒம்போதுல இருந்து பத்தரைக்குள்ள” என்றாள் தாமரைச்செல்வி. “இந்தத் தடவ லாரி அங்க நின்னுச்சு, இங்க நின்னுச்சுன்னு சொல்லாத. நீ வரலைன்னா சித்தப்பா மகன் அழகுபாண்டி மடி இருக்கு. அவன் இப்பயே புது வேட்டி எடுத்துட்டான்.”

“எடுக்கட்டும், எடுக்கட்டும். வேட்டி எடுத்தவன்லாம் மாமனா?” என்று மலைச்சாமி சிரித்தார்.

போனை வைத்தபின் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை அழகுபாண்டி மடியில் உட்கார்ந்துவிட்டால் உட்கார்ந்ததுதான். பிள்ளை சமைந்தாலும், பிள்ளைக்குக் கல்யாணமானாலும், “மாமன் எங்கப்பா?” என்று குரல் கேட்டதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போகப்போவது அவன்தான்.

மறுநாள் காலையில் மலைச்சாமி டயரிலிருந்து எழுந்து முதலாளி அறைக்குப் போனார்.

“மொதலாளி, அடுத்த வியாழக்கெழம லீவு வேணும்.”

பாண்டியராஜன் பதறிவிட்டார். “என்னண்ணே, உடம்பு முடியலையா?”

“அதெல்லாம் இல்ல.”

“பெறகு?”

மலைச்சாமி மின்விசிறியைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். சாவிப் பலகைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்த கனகலட்சுமியைப் பார்த்தார். எத்தனையோ டிரைவர்கள் இந்த இடத்தில் நின்று இந்த வார்த்தையை எத்தனை சுலபமாகச் சொன்னார்கள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

“காதுகுத்து” என்றார்.

வெளியே யாரோ டீக்கிளாஸைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பாண்டியராஜன் அவரையே பார்த்தார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். மெதுவாகக் கேட்டார்.

“எந்தக் காதுண்ணே?”

வெளியில் நின்ற டிரைவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாண்டியராஜன் சிரிக்கவில்லை. அவர் பயந்துபோயிருந்தார். போன வாரம் ஏசி லாரிகள் வைத்திருக்கும் ஒரு வெளியூர்க் கம்பெனியிலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து மலைச்சாமியோடு டீ குடித்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருந்தார்கள். வந்தது உண்மை. மலைச்சாமி டீயைக் குடித்துவிட்டு, ஏசியில் உட்கார்ந்தால் எனக்கு மூக்கு ஒழுகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். டீயைப் பார்த்தவர்களுக்கு மூக்கு விஷயம் காதில் விழவில்லை.

“நெசமா என் தங்கச்சி பிள்ளைக்கு மொதலாளி. இந்தா பத்திரிகை.” மஞ்சள் பூசிய பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

“முத்திருளனும்தாண்ணே பத்திரிகை குடுத்தாரு. ரெண்டு மாசங்கழிச்சுப் பிரிச்சுப் பாக்குறேன், புதுமனை புகுவிழான்னு போட்டிருக்கு.” பாண்டியராஜன் பத்திரிகையை வாங்கிப் பிரிக்காமலே மேஜையில் வைத்தார். “அண்ணே, ஒண்ணு செய்வோம். புதன்கெழம தூத்துக்குடி ஹார்பர் லோடு இருக்கு. கருத்தக்கண்ணனுக்கு மூணாவது நடை. நீங்க இல்லாம அனுப்ப முடியாது. விடியக் கிளம்புனா பொழுது சாய வந்துருவீக. வியாழக்கெழம தாராளமா காது குத்துங்க.”

மலைச்சாமி சரி என்றார். அவர் போனபின் கனகலட்சுமி மேஜையிலிருந்த பத்திரிகையை எடுத்து முழுவதும் படித்தாள். ‘தாய்மாமன்: மலைச்சாமி’ என்று போட்டிருந்தது. அதை வருகை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை விடியக் கிளம்பினார்கள். ஹார்பர் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. மதியம் இறங்க வேண்டிய லோடு மாலைக்கு நகர்ந்தது, மாலையிலிருந்து விடியற்காலைக்கு நகர்ந்தது. முட்டாமல் இடிக்காமல் வரிசையில் அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்துவது புது ஆளுக்கு வராது என்று, கருத்தக்கண்ணனைப் படுக்கச் சொல்லிவிட்டு மலைச்சாமி ஸ்டீயரிங்கில் விழித்திருந்தார். லோடு இறங்கி வெளியே வரும்போது வியாழக்கிழமை காலை ஆறே கால்.

முதல் நாளே சீர்த்தட்டோடு பேரையூருக்குப் போய்விட்ட மனைவி செல்லக்கிளி போன் பேசினாள்.

“எங்க இருக்கீக?”

“தூத்துக்குடி.”

“அப்ப சரி. அங்கனயே ஒரு ஆசாரியப் பாத்து, உங்க லாரிக்குக் காது குத்திட்டு வாங்க. இங்க அழகுபாண்டி குளிச்சு முடிச்சுட்டான்.”

மலைச்சாமி உடனே கனகலட்சுமியை அழைத்தார். “கனகு, வண்டிய ஷெட்டுக்குக் கொண்டுவந்துட்டுப் போனா நேரம் பத்தாது. விருதுநகர்ல திரும்பிக் கல்லுப்பட்டி வழியா நேரா பேரையூர் போறேன். காலி வண்டிதான். மொதலாளிகிட்டச் சொல்லிரு.”

பத்து நிமிஷத்தில் கனகலட்சுமியே திரும்ப அழைத்தாள். “சொல்லிட்டேண்ணே. நம்பல. நீங்க போங்க.”

மலைச்சாமி இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ராத்திரி முழுவதும் தூங்கி எழுந்த கருத்தக்கண்ணன், முகம் கழுவித் திருநீறு பூசி, வண்டியை எடுத்தார். ஊரைத் தாண்டியதும் வேக முள் ஏறி ஐம்பதில் நின்றது. அங்கேயே இருந்தது.

“கருத்தக்கண்ணா, ரோடு காலியா கிடக்குல்ல. கொஞ்சம் மிதிப்பா. நேரமாச்சு.”

கருத்தக்கண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே புன்னகைத்தார். “ஆரம்பிச்சுட்டீகளாண்ணே?”

“எதைய்யா?”

“மூணாவது நடை. மிதி மிதிம்பீக. மிதிச்சா ஃபெயிலு. டீக்கடையில சொன்னாக.”

மலைச்சாமி அவர் பக்கம் திரும்பினார். “யாருய்யா சொன்னது? சரி, அத விடு. இது சோதனை இல்லப்பா. நெசமாலுமே என் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து.”

கருத்தக்கண்ணன் கண்ணாடியைப் பார்ப்பதுபோல ஒரு கணம் திரும்பி அவர் காதைப் பார்த்துக்கொண்டார்.

“எந்தக் காதுண்ணே?”

“அடேய், ஓரங்கட்டு. நான் ஓட்டுறேன்.”

“ராத்திரி தூங்குனீகளா?”

பொய் சொல்லலாமா என்று மலைச்சாமி யோசித்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன. “இல்ல” என்றார்.

“அப்பச் சாவி கிடையாது. நீங்க சொன்னதுதான். பரோட்டா மாஸ்டர்கிட்ட ஒருக்கச் சொன்னாப் போதும்ணே. மாவுக்கு எம்புட்டு உப்புன்னு தினமுமா சொல்லிக்கிட்டிருப்பாக?”

எட்டயபுரம் போயிற்று. ஒரு டவுன் பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. பால் வண்டி ஒன்று தாண்டிப் போயிற்று. கருத்தக்கண்ணன் ஒவ்வொன்றுக்கும் பெருந்தன்மையாக வழிவிட்டார். மலைச்சாமியின் வலது கால், இல்லாத ஆக்ஸிலேட்டரைத் தேடித் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் வண்டி ஓரமாக நின்றது.

“இப்ப என்னய்யா?”

“ரெண்டு மணி நேரம் ஆச்சுண்ணே. டயர்.”

பத்து டயர்களையும் தட்டிப் பார்த்தார். ஒன்பதாவது டயரில் ஏதோ சத்தம் வேறுமாதிரிக் கேட்டதென்று எட்டாவதிலிருந்து திரும்பத் தட்டினார். மலைச்சாமி வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பத்தொன்பது பேர் ஓட்டிப் பார்த்தாயிற்று. சொன்னதை இப்படிக் கேட்கிற ஒரு ஆள் கிடைக்க மாட்டானா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார். கிடைத்துவிட்டான். கிடைத்த நாள்தான் சரியில்லை.

விருதுநகரில் திரும்பிக் கல்லுப்பட்டியை நெருங்கும்போது தாமரைச்செல்வி அழைத்தாள். மலைச்சாமியின் பழைய போனில் காதில் வைத்தாலும் ஊருக்கே கேட்கும். பின்னால் மேளச் சத்தம், பிள்ளையின் அழுகை.

“அண்ணே, மணி பத்தாகப்போகுது. மொட்டை போட்டாச்சு. ஆசாரி வந்துட்டாரு. அழகுபாண்டி வேட்டிய மடிச்சுக்கிட்டு மணைக்குப் பக்கத்துல நிக்கிறான். நீ வாரியா, இல்லியா? இல்லைன்னா இல்லைன்னு சொல்லிருண்ணே.” அவள் குரல் உடைந்திருந்தது.

“வாரேன்த்தா. வந்துக்கிட்டே இருக்கேன்” என்றார் மலைச்சாமி.

கருத்தக்கண்ணனின் முகம் மாறியது. “அண்ணே, நெசந்தானா?”

“நெசந்தாம்ப்பா.”

“மொதல்லயே சொல்லக் கூடாதா?”

மலைச்சாமி அவரைப் பார்த்த பார்வையில் பரோட்டாக்கல் சூடாகியிருக்கும். கருத்தக்கண்ணன் ஸ்டீயரிங்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, முள்ளைப் பார்த்தார். யோசித்தார்.

“நெசம்னாலும் அம்பதுதாண்ணே. பிள்ளையத் தூக்க மடி முழுசா போய்ச் சேரணும்ல.”

பேரையூரைத் தாண்டிக் கோவிலுக்குத் திரும்பும் பாதையில் பந்தல் தெரிந்தபோது மணி பத்து இருபது. பாதையை அடைத்துக்கொண்டு பைக்குகள் நின்றன. லாரியை ரோட்டில் விட்டால் பஸ் போக முடியாது. பின்னால் எடுத்து, ஒரு புளியமரத்துக்கும் தோட்டத்துச் சுவருக்கும் நடுவில்தான் விட வேண்டும். புது ஆளை வண்டியோடு தனியாக விட்டு மலைச்சாமி ஒருநாளும் இறங்கியதில்லை.

“நீங்க ஓடுங்கண்ணே. நான் போட்டுக்கிறேன்” என்றார் கருத்தக்கண்ணன்.

மலைச்சாமி மரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். குதித்து இறங்கி ஓடினார்.

காக்கிச் சட்டையும் கலைந்த தலையுமாகப் பந்தலுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதல் வரிசையில், நெற்றியில் சந்தனமும் கையில் கல்கண்டுமாகப் பாண்டியராஜன் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்து மாட்டிக்கொண்ட மாப்பிள்ளையைப் போல முழித்துக்கொண்டிருந்தார்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. வண்டி எங்கே போகிறது என்பது பாண்டியராஜனின் போனில் நீலப் புள்ளியாகத் தெரியும். காலையில் அந்தப் புள்ளி விருதுநகரைத் தொட்டு, கப்பலூர் ரோட்டுக்கு வராமல் வேறு பக்கம் திரும்பியதும் அவர், “போயிட்டாரு! வண்டியோட போயிட்டாரு!” என்று கத்திவிட்டார். கனகலட்சுமி நோட்டுக்குள்ளிருந்த பத்திரிகையை எடுத்து, கோவில் இருக்கும் இடத்தைக் காட்டினாள். இரண்டு பேரும் காரில் பறந்து வந்தார்கள். லாரியைப் பிடிக்க வந்தவரை வாசலிலேயே தாமரைச்செல்வி பிடித்துக்கொண்டாள். “எங்கண்ணன் மொதலாளியா? நீங்களே வந்துட்டீகளா!” என்று பன்னீர் தெளித்து முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டாள். அதற்குமேல் வந்த காரியத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பத்தேகாலுக்கு ஊர்ப் பெரியவர்கள் நேரம் போகிறது என்றார்கள். அழகுபாண்டி மணையில் ஒரு காலை வைத்துவிட்டான். அப்போது, அதுவரை பந்தல் காலோடு ஒட்டி நின்றிருந்த கனகலட்சுமி, பாண்டியராஜன் கையிலிருந்த போனைக் கேட்காமலே வாங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, தாமரைச்செல்வியின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“புள்ளி பேரையூரத் தாண்டிருச்சுங்க. இன்னும் அஞ்சு நிமிசம்” என்றாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை ஷெட்டில் யாரும் கேட்டதில்லை.

தாமரைச்செல்வி அழகுபாண்டியின் காலை மணையிலிருந்து எடுக்கச் சொன்னாள்.

மலைச்சாமி காக்கிச் சட்டையோடே மணையில் உட்கார்ந்தார். செல்லக்கிளி அவர் தோளில் ஒரு புதுத் துண்டைப் போட்டு, “லாரி வாசத்துக்குப் பிள்ளை தும்மாம இருக்கணும்” என்றாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய திவ்யாவை மடியில் வைத்தார்கள். பிள்ளை அவரை ஒருமுறை பார்த்தது. சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, அவரவர் குடும்ப வழக்கம் தெரிந்துகொண்டு குத்துகிறவர் என்பதால், தாய்மாமனைப் பார்த்துக் கேட்டார்:

“மொதல்ல எந்தக் காதுங்க?”

பாண்டியராஜனின் வாயிலிருந்த கல்கண்டு முன்வரிசையைத் தாண்டிப் போய் விழுந்தது. அப்போதுதான் பந்தலுக்குள் வந்த கருத்தக்கண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கனகலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பேரையூர்க்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆசாரி தான் ஏதும் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று விழித்தார்.

மலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையின் ஒரு காதைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறு காதையும் பார்த்தார்.

“இடது” என்றார்.

பிள்ளை வீறிட்ட வீறலில் பொத்தான் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. மணி பத்து இருபத்தேழு.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மலைச்சாமி முதலில் லாரியைத்தான் போய்ப் பார்த்தார். புளியமரத்துக்கும் சுவருக்கும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு நின்றது. சுவரைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. கருத்தக்கண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

“பாஸாண்ணே?”

“அருப்புக்கோட்டையில ஒம்போதாவது டயர ரெண்டு தடவ தட்டுனதுக்கு ஃபெயிலாக்கணும். போ, போய் வண்டிய எடு.”

அன்றைய தேதியில் மலைச்சாமி பெயருக்கு நேராகக் கனகலட்சுமி ‘காதுகுத்து’ என்று முழு வார்த்தையாக எழுதினாள். அந்த நோட்டில் அப்படி முழுதாக எழுதியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

இன்றைக்கு ஷெட்டில் ஏழு வண்டிகளும் ஐந்து டிரைவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வண்டிகள் நிற்கின்றன. கருத்தக்கண்ணன் பத்து மாதமாக ஓட்டுகிறார். மூன்று நடை முடிந்தும் ஐம்பத்தைந்துக்கு மேல் போவதில்லை. மூன்றாவது நடைக்கு மலைச்சாமி வேறொரு சோதனை வைத்திருக்கிறார். அதுவும் டீக்கடைக்குத் தெரிந்துவிட்டது. யாராவது காதுகுத்து என்று வந்து நின்றால் அவர் இப்போதும் இரண்டு காதையும் பார்க்கிறார். ஆனால் எந்தக் காது என்று கேட்பதில்லை. “எத்தன மணிக்குப்பா? நேரத்துக்குப் போய்ச் சேரு” என்கிறார். போன வாரம் ஒருவர் அப்படிப் போனார். இன்னும் வரவில்லை.